மாணவர் மனசுப் பெட்டியைத் திறந்து படிப்பவருக்கு நேரமும் அறையும் யார் தருவது?

கரிசல்_ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் 14 ஆண்டுகளாக அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். எங்கள் பள்ளியில் 640 பிள்ளைகள் படிக்கிறார்கள். ஊரின் பெயரைச் சொன்னால் பிள்ளைகளை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். மாணவர்களே சக மாணவர்களுக்குக் கொடுக்கும் பாலியல் தொல்லையைப் பற்றியும், அதைத் தடுக்கப் பள்ளியின் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியும் பேச வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன்.

2021ஆம் ஆண்டு சென்னையில் ஆசிரியர்கள் சிலர் மீது புகார்கள் அடுத்தடுத்து எழுந்தன. அதன் பிறகு, ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. பிறகு மாணவர்கள் தங்கள் குறைகளைச் சீட்டில் எழுதிப் போடும் மாணவர் மனசுப் பெட்டி வந்தது. 14417, 1098 ஆகிய உதவித் தொலைபேசி எண்கள் பள்ளிச் சுவர்களில் எழுதப்பட்டன. இவற்றில் ஒன்றையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் பெரியவர்களின் குற்றத்தை மனத்தில் கொண்டு உருவானவை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் 14 வயதுப் பையன் தொல்லை கொடுத்தால் என்ன செய்வது என்ற இடத்தில் எல்லோரும் தடுமாறுகிறோம்.

எங்கள் பள்ளியில் பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டப்பட்டிருந்தது. அந்த வாசலில் எப்போதும் யாராவது நிற்பார்கள். அங்கே நின்று சீட்டுப் போடும் பிள்ளை யார் என்பது மதியத்துக்குள் பள்ளி முழுதும் தெரிந்துவிடும். இரண்டு ஆண்டுகளில் அதில் விழுந்தவை குடிதண்ணீரைப் பற்றிய மூன்று சீட்டுகள் மட்டுமே. சென்ற ஆண்டு அதை எடுத்து, மாணவியர் கழிப்பறைக்குப் போகும் வழியில் கைகழுவும் குழாய்க்கு அருகே மாட்டினோம். மாணவர் பக்கத்துக்கும் ஒன்று வாங்கினோம். 11ஆம் நாள் ஒரு சீட்டு கிடந்தது. எட்டாக மடித்த கோடு போட்ட தாளில், எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, இடப்பக்கம் சரிந்திருந்தன. கையெழுத்து தெரிந்துவிடக் கூடாது என்று இடக்கையால் எழுதியிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பின்னாலிருந்து உடுப்பைப் பிடித்து இழுப்பதையும், வாட்ஸ்அப் குழுவில் பெண் பிள்ளைகளின் உடலைப் பற்றிப் பேசி மதிப்பெண் போடுவதையும், தன் புகைப்படத்தை ஆபாசமாக மாற்றிப் பரப்பப் போவதாக ஒருவன் மிரட்டுவதையும் அவள் எழுதியிருந்தாள்.

சீட்டில் இருந்த குறிப்புகளைக் கொண்டு அவள் யார் என்று ஊகித்து, தனியாக அழைத்துப் பேச முயன்றேன். வாரத்தின் 40 பாடவேளைகளில் எனக்கு 31 வகுப்புகள். மதிய இடைவேளையின் கடைசி 12 நிமிடங்கள்தாம் கிடைத்தன. கிடைத்த இடம் அறிவியல் ஆய்வகம். அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பேச ஆரம்பித்த சிறிது நேரத்தில் சோதனைக் குழாய் எடுக்க ஒருவர் வந்தார். அடுத்து வருகைப் பதிவேடு கேட்டு ஒரு பிள்ளை வந்தது. கதவு திறந்த ஒவ்வொரு முறையும் அவள் பேச்சை நிறுத்திவிட்டு, சுவரில் இருந்த தனிம வரிசை அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது முறை கதவு திறந்து மூடியதும் “ஒன்னுமில்ல டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் எனக்கு எழுதுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பள்ளியில் குழு இருந்தது, பெட்டி இருந்தது, சுவரில் எண்ணும் இருந்தது. அவள் சொல்வதை முழுதாகக் கேட்க ஒரு கதவும் அரை மணி நேரமும் இல்லை. மற்ற பள்ளிகளில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற_தலைமையாசிரியர்:

ஆசிரியைக்கு வணக்கம். 9 ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தவன் என்ற முறையில், செய்த தவறை மறைக்காமல் சொல்கிறேன். இப்படிப்பட்ட புகார் வந்தால் எங்களுக்குத் தெரிந்த வழிகள் இரண்டுதான். பெண் பிள்ளையை முன் பெஞ்சுக்கு மாற்றுவோம். பையனின் பெற்றோரை வரவழைத்து மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவோம். நான் அப்படி அனுப்பிய ஒரு மாணவன் எட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளியில் சேர்ந்தான். ஏன் அனுப்பினேன் என்று அந்தத் தலைமையாசிரியருக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஆண்டே அங்கிருந்து அதே புகார் வந்ததாகக் கேள்விப்பட்டேன். புகார் சொன்ன பெண்ணையோ வீட்டில் படிப்பை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகையில் வந்துவிடுமோ, பெற்றோர் மறியல் செய்வார்களோ என்ற பயத்தில் இருந்த எனக்கு, பள்ளியின் பெயரைக் காப்பதே பிள்ளைகளைக் காப்பதாகத் தோன்றியது. அது தவறு.

நிதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளிக்கு வரும் தொகுப்பு மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 251 முதல் 1,000 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 75,000 ரூபாய். அதற்கு மேல் இருந்தால் 1 லட்சம். பழுதுபார்ப்பு, தூய்மைப் பணி, கற்பித்தல் கருவிகள், மின்சாரம், இணையம், தண்ணீர் எல்லாம் அதற்குள்தான். அந்தப் பணமும் உரிய காலத்தில் வரும் என்ற உறுதி இல்லை. 2024-25இல் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததைக் காட்டி ஒன்றிய அரசு 2,152 கோடி ரூபாயை விடுவிக்காமல் வைத்திருந்ததை நாம் அனைவரும் அறிவோம். அரசுகளுக்கிடையே நடக்கும் வழக்கில் கடைசியாக அடிபடுவது இப்படிப்பட்ட செலவுகள்தாம், ஏனென்றால் பாதுகாப்பு என்று ஒரு தலைப்பே பள்ளியின் கணக்கு ஏட்டில் இருப்பதில்லை.

இரு_பிள்ளைகளின்_அப்பா:

டீச்சருக்கு வணக்கம். எனக்கு 10ஆம் வகுப்பில் ஒரு மகன், 7ஆம் வகுப்பில் ஒரு மகள். இதைப் படிக்கும்போது இரண்டு பக்கமும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. என் மகளுக்கு இப்படி நேர்ந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். ஆனால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டமான போக்சோ என்ற சொல்லைக் கேட்டாலே என் மகனை நினைத்து நடுங்குகிறேன். விவரம் தெரியாத வயதில் ஒரு பையன் செய்த தவறுக்காகக் காவல் நிலையம், வழக்கு, சிறை என்று அவன் வாழ்க்கையே அழிந்துவிடாதா? அதற்குப் பயந்துதானே ஆசிரியர்களும் மூடி மறைக்கிறார்கள்? பள்ளிக்குள்ளேயே கண்டித்துத் திருத்திவிட முடியாதா? தவறாகக் கேட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைகை_வழக்கறிஞர்:

நண்பரே, நீங்கள் தவறாக எதையும் கேட்கவில்லை. என்னிடம் வரும் தலைமையாசிரியர்களில் பெரும்பாலோர் இதே அச்சத்தோடுதான் வருகிறார்கள். சட்டத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. அரைநாள் பயிற்சி கொடுத்திருந்தால் பாதி மறைப்புகள் நடந்திருக்காது என்பது என் கருத்து.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரும் குழந்தைதான். பாதிக்கப்பட்டவருக்கும் அது பொருந்தும், தொல்லை கொடுத்த மாணவருக்கும் அது பொருந்தும். குற்றம் செய்தவர் குழந்தையாக இருந்தால் அவரை இளைஞர் நீதிச் சட்டத்தின்படியே கையாள வேண்டும் என்று போக்சோவின் 34ஆம் பிரிவே சொல்கிறது. ஆசிரியை குறிப்பிட்ட ஆபாசப் பேச்சும், படத்தை மாற்றிப் பரப்புவதாக மிரட்டுவதும், பாலியல் நோக்கத்தோடு செய்யப்பட்டால், 11ஆம் பிரிவில் சொல்லப்படும் பாலியல் தொல்லைக்குள் வரும். அதற்கு உச்ச தண்டனை 3 ஆண்டு. பாலியல் நோக்கத்தோடு தொடுவது 7ஆம் பிரிவுக்குள் போகும். அதற்கான தண்டனை கூடுதல். இரண்டுமே இளைஞர் நீதிச் சட்டம் கொடுங்குற்றம் என்று வகுத்தவற்றில் சேர்வதில்லை. கொடுங்குற்றம் அல்லாதவற்றில், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இல்லாவிட்டால், குழந்தையின் மீது முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது. காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் குறித்துக்கொண்டு, அந்தக் குழந்தையின் சமூகப் பின்னணி அறிக்கையோடு, சிறார் வழக்குகளைக் கவனிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் உள்ள நடைமுறை. குழுமம் அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்பலாம். குழு ஆலோசனைக்கு அனுப்பலாம். சமூகப் பணி செய்யச் சொல்லலாம். நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் கையாளப்பட்ட குழந்தைக்குப் பிற்காலத்தில் அதனால் தகுதியிழப்பு வரக் கூடாது என்று 24ஆம் பிரிவு பாதுகாக்கிறது. 16 வயதைக் கடந்தவர் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவராகக் கருதி விசாரிக்கப்படும்போதுதான் அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகும்.

மறுபக்கம், குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதற்கு போக்சோவின் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை உண்டு. பள்ளிக்குள் கண்டித்து முடித்துக்கொள்வது என்பது ஆசிரியர் தன் தலையில் சுமையை ஏற்றிக்கொள்வதாகும். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்ற 23ஆம் பிரிவையும் நினைவில் வையுங்கள். காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் “ஒரு 9ஆம் வகுப்புப் பெண்” என்று தொடங்கும் அறிவுரைகூட அடையாளத்தை வெளியிட்டுவிடும்.

கடைசியாக ஒரு செய்தி. 2025 ஜூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி மாணவி ஒருவர் இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும்; அதற்குக் குறைவாக இருந்தால் வெளியில் உள்ள வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். பாலியல் தொல்லை பற்றிய புகாரைப் பெறுவதற்கான ஏற்பாடும் அந்த நெறிகளில் இருக்கிறது. 640 பிள்ளைகள் படிக்கும் உங்கள் பள்ளி இதற்குள் தெளிவாக வருகிறது. கேட்க வேண்டிய இடத்தில் இதை எழுத்தில் வைத்துக் கேளுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_அம்மா:

வணக்கம். லண்டனில் என் பிள்ளைகள் படித்த பள்ளியின் நிர்வாகக் குழுவில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். இங்கிலாந்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்வதற்காக எழுதவில்லை. 2020இல் சோமா சாரா என்ற இளம்பெண் தொடங்கிய இணையதளத்தில் மாணவியர் ஆயிரக்கணக்கில் தங்கள் அனுபவங்களைப் பெயர் இல்லாமல் எழுதிய பிறகே அரசு விழித்தது. பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கைக்காக 32 பள்ளி, கல்லூரிகளுக்குச் சென்று 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளோடு பேசியது. விரும்பாத ஆபாசப் படங்கள் தங்களுக்கோ தங்களைப் போன்றவர்களுக்கோ அடிக்கடி அல்லது சில நேரம் அனுப்பப்படுவதாகச் சொன்ன மாணவியர் ஏறத்தாழ 10 பேரில் 9 பேர். பிள்ளைகளில் பலர் இதைச் சாதாரணம் என்று நினைத்துச் சொல்லாமலே விட்டிருந்தார்கள். ஆசிரியர்கள் பலருக்கோ தங்கள் பள்ளியில் இது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதே தெரிந்திருக்கவில்லை.

அந்த அறிக்கையின் ஒரு பரிந்துரை என் மனத்தில் பதிந்திருக்கிறது. புகார் ஒன்றும் வராவிட்டாலும், இது நடக்கிறது என்று எடுத்துக்கொண்டே பள்ளி செயல்பட வேண்டும். உங்கள் பழைய பெட்டியில் இரண்டு ஆண்டுகளாகச் சீட்டு விழாததை இந்தக் கண்ணோடு பார்த்தால் பொருள் வேறாகிறது.

இங்கே ஒவ்வொரு பள்ளியிலும் குழந்தைப் பாதுகாப்புக்கென்று பெயர் குறித்த ஒருவர் இருப்பார். அவர் பள்ளியின் மூத்த நிர்வாகக் குழுவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அந்த வேலைக்கான நேரம், நிதி, பயிற்சி, உதவி அனைத்தும் அவருக்குத் தரப்பட வேண்டும் என்று அரசின் வழிகாட்டியே சொல்கிறது. நான் இருந்த பள்ளியில் அவருடைய கால அட்டவணையை நிர்வாகக் குழு ஆண்டுக்கு ஒருமுறை வாங்கிப் பார்க்கும். பாடவேளைகள் கூடியிருந்தால் தலைமையாசிரியரிடம் காரணம் கேட்போம். எனக்குத் தெரிந்து அங்கே நாங்கள் செய்த மிகப் பயனுள்ள வேலை அதுதான். உங்கள் ஊரில் பள்ளி மேலாண்மைக் குழு அதைச் செய்ய முடியாதா?

உளவியல்_பணியாளர்:

பள்ளிகளுக்குச் சென்று ஆலோசனை வழங்கும் பணியில் இருக்கிறேன். என்னைப் போன்ற ஒருவருக்குப் பல பள்ளிகள். ஒரு பள்ளிக்கு மறுபடி போவதற்குள் பருவத் தேர்வு வந்துவிடும். ஒருமுறை பேசி அழுத பிள்ளை அடுத்த முறை என்னைப் பார்க்க வராமலே இருந்ததும் உண்டு, ஏனென்றால் இடையில் இருந்த நாட்களில் அந்தப் பிள்ளை தனியாகவே எல்லாவற்றையும் தாங்க வேண்டியிருந்தது. ஆகவே ஆலோசகர் வேண்டும் என்பதோடு, நாள்தோறும் பள்ளியில் இருக்கும் ஆசிரியர் ஒருவருக்குப் பயிற்சியும் வேண்டும் என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

இன்னும் மூன்று விஷயங்கள். ஆண் பிள்ளைகளும் பாதிக்கப்படுகிறார்கள். நடையை, குரலைக் கேலி செய்து தொடங்கி, கழிப்பறையில் கால்சட்டையைப் பிடித்து இழுப்பதில் முடியும் தொல்லையைப் பல பள்ளிகளில் இன்னமும் விளையாட்டு என்றே எழுதிக்கொள்கிறார்கள். கழிப்பறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்வதுகூடப் பாதுகாப்புச் செலவுதான். அடுத்து, ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ பாடம் சிறு பிள்ளைகளுக்குப் பொருத்தமானது; அதில் வரும் தவறு செய்பவர் எப்போதும் ஒரு பெரியவர். 13 வயதுக்கு மேல் வேண்டியது சம்மதம், மறுப்பு, கைப்பேசி, நட்பு ஆகியவற்றைப் பற்றிய உரையாடல். அதை 600 பேரை வெயிலில் நிறுத்தி ஒலிபெருக்கியில் நடத்த முடியாது. வகுப்பு வாரியாக, பலமுறை நடத்த வேண்டும். மூன்றாவது, தொல்லை கொடுத்த பையனோடும் யாராவது தொடர்ந்து பேச வேண்டும். நான் சந்தித்தவர்களில் சிலர் தாங்களே சிறுவயதில் பாதிக்கப்பட்டவர்கள். வேறு சிலர் அண்ணன்களின் கைப்பேசியில் பார்த்ததைச் செய்து பார்த்தவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே அறிவுரை பயன்படாது.

கரிசல்_ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. வழக்கறிஞர் ஐயாவின் பதிவைத் தலைமையாசிரியரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, “இது தெரிந்திருந்தால் அன்றைக்கே தகவல் கொடுத்திருப்பேனே” என்றார். அவர் மீது எனக்கிருந்த வருத்தம் பாதியாகக் குறைந்தது. உரிய இடத்தில் தகவல் தெரிவித்துவிட்டோம். அதற்கு மேல் அந்தப் பிள்ளையைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

எங்கள் பள்ளிக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய எழுதுபொருள் அறை ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதற்குத் தாழ்ப்பாள், மின்விசிறி, மூன்று நாற்காலி, வெள்ளையடிப்பு எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குள் முடியும். உள்ளூர்த் தச்சர் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய மகளும் எங்கள் மாணவிதான். கதவின் மேற்பகுதியில் கண்ணாடி வைக்கச் சொன்னேன். உள்ளே இருப்பவர் யார் என்று தெரியாதபடி தேய்த்த கண்ணாடி வைக்கலாமா என்று அவர் கேட்டார். வெளியிலிருந்து ஆசிரியர் தெரியவேண்டும், பிள்ளையின் முகம் தெரியக் கூடாது. ஆகவே பிள்ளையின் நாற்காலியைக் கதவுக்கு முதுகு காட்டிப் போட்டு, சாதாரணக் கண்ணாடியே வைப்பது என்று முடிவு செய்தோம்.

கடினமானது நேரம்தான். வாரம் 6 பாடவேளைகளை எனக்கோ வேறொருவருக்கோ விடுவிக்க வேண்டும் என்றால் அந்த வகுப்புகளை எடுக்க ஆள் வேண்டும். 2022இல் காலிப் பணியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசு வழிவிட்டது. பாதுகாப்புப் பணிக்காக விடுவிக்கப்படும் பாடவேளைகளுக்கும் அதே வழியைத் திறந்துவிட்டால் போதும், புதிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. எங்கள் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. தலைவியும் ஒரு தாய்தான். ஈஸ்ட்ஹாம் சகோதரி சொன்னதை அவரிடம் சொன்னபோது, கால அட்டவணையை ஒவ்வொரு பருவமும் தாமே வாங்கிப் பார்ப்பதாகச் சொன்னார்.

வருகிற வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வைக்கவுள்ள தீர்மானத்தின் வரைவு இது. வழக்கறிஞர் ஐயா பார்த்துத் திருத்தித் தர வேண்டுகிறேன்.

“நம் பள்ளியில் பாதிக்கப்பட்ட மாணவியிடம் தனியாக விசாரித்து உரிய அமைப்புக்குத் தகவல் தெரிவிப்பதற்காக, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வாரம் 6 பாடவேளைகள் விடுவிக்கப்படும். அவருக்கான மாற்று ஏற்பாட்டுக்கும், உச்ச நீதிமன்ற நெறிப்படி ஆலோசகர் ஒருவரை அமர்த்துவதற்கும் நிதி ஒதுக்குமாறு முதன்மைக் கல்வி அலுவலரைக் கேட்டுக்கொள்வது என்றும், பழைய எழுதுபொருள் அறையை இதற்கு மட்டுமே பயன்படுத்துவது என்றும் தீர்மானிக்கப்படுகிறது.”

வைகை_வழக்கறிஞர்:

நன்றாக இருக்கிறது. இரண்டு சொற்களை மட்டும் மாற்றுங்கள். ‘மாணவியிடம்’ என்பதை ‘மாணவரிடம்’ என்று ஆக்குங்கள். இல்லாவிட்டால் உளவியல் பணியாளர் சொன்ன ஆண் பிள்ளைகளுக்கு அந்த அறைக்குள் வர இடமில்லாமல் போகும். ‘விசாரித்து’ என்பதை ‘கேட்டறிந்து’ என்று எழுதுங்கள். விசாரிப்பது காவல்துறையின் வேலை. பள்ளி ஒருமுறை, வகுப்பாசிரியர் ஒருமுறை, குழு ஒருமுறை என்று அந்தப் பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கக் கூடாது. தீர்மானத்தின் நகலில் தேதியிட்டு, முதன்மைக் கல்வி அலுவலகத்தில் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.